விதி நான்கில் ஒரு பெரிய ‘ற’

போன மாதம் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் வந்தது. பேசியவர் எங்கள் கரையோரக் கல்லூரிகள் விளையாட்டுச் சங்கத்தின் புதிய செயலாளர். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கிறார். சொந்த ஊர் திருப்பூர் என்பதால் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ போடாமல் விடமாட்டார்.

“சார், சங்கத்து விதியெல்லாம் ஆன்லைன்ல ஏத்தச் சொல்லியிருக்காங்க. டைப் பண்ணிட்டே வந்தேனுங்க. நாலாவது விதியில ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருக்குதுங்க.”

“படிங்க.”

“‘உறுப்புக் கல்லூரிக்குக் கரை அல்லது கறை இருத்தல் வேண்டும்.’ ரெண்டாவதுல பெரிய ற விழுந்திருக்குதுங்க. ஒரே வார்த்தையை ரெண்டு தடவை அடிச்சுட்டாங்க போல. எடுத்துடட்டுங்களா?”

எனக்குத் தூக்கம் போய்விட்டது. “அதைத் தொடாதீங்க. அது மிஸ்டேக் இல்ல,” என்றேன்.

“கல்லூரிக்கு எதுக்குங்க சார் கறை?”

நியாயமான கேள்வி. போனில் சொல்ல முயன்று, பாதியில் எனக்கே குழம்பி, கடைசியில் எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்தில் நான் எழுதிய எதையும் யாரும் விரும்பிக் கேட்டதில்லை. அந்த உற்சாகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மாமல்லபுரத்தில் ஒரு சின்னக் கலைக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். பதவிப் பெயர்தான் நீளம், எல்லோர் வாயிலும் பி.டி. சார்தான். பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். விசில் ஊதச் சொல்லிக் கொடுத்தார்கள், அது மட்டும் நன்றாக வந்தது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே என்னைச் சங்கத்தின் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் அவர்கள் சொல்லவில்லை.

சங்கம் தொடங்கியபோது ஆறு கல்லூரிகள். ஆறு என்பது ராசியான எண் என்பதற்காக இல்லை. பல்கலைக்கழகத்தின் கணக்கில் ஆறு கல்லூரி சேர்ந்தால்தான் அது ஒரு மண்டலம். மண்டலத்தில் ஜெயித்தவர்தான் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகலாம், அங்கே வாங்கும் சான்றிதழைத்தான் போலீஸ், ரயில்வே வேலைகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மதிப்பார்கள். ஐந்து கல்லூரி சேர்ந்து ஆடினால் அது நட்பு ஆட்டம். வெயிலில் நன்றாக வேர்க்கும், அவ்வளவுதான்.

முதல் கூட்டம் மாமல்லபுரம் கடற்கரை மணலில் நடந்ததாம், எனக்கு முந்திய காலம். ‘கடற்கரைக் கல்லூரிகள்’ என்று பெயர் வைக்கலாம் என்று யாரோ சொல்ல, தலைவராக வரவிருந்த ஆரோக்கியசாமி சார் எழுந்திருக்கிறார். அவர் கல்லூரி இருந்தது செங்கல்பட்டில். அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். “கடலை எடுத்துடுங்க, கரை மட்டும் இருக்கட்டும். எங்களுக்கு ஏரிக்கரை கீது,” என்றாராம். அப்படிப் பிறந்ததுதான் நான்காவது விதி: உறுப்புக் கல்லூரிக்குக் கரை இருத்தல் வேண்டும். வாசலிலிருந்து ஆயிரம் தப்படிக்குள் அந்தக் கரை வந்துவிட வேண்டும்.

இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மாமல்லபுரம், திருவிடந்தை, சதுரங்கப்பட்டினம் மூன்றுக்கும் கடற்கரை, அதில் வம்பில்லை. கேளம்பாக்கத்துக் கல்லூரி கால்வாய்க் கரையைக் காட்டியது. தலைவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டார். பாலாற்றோரம் இருந்த கல்லூரி விண்ணப்பித்தபோது, ஆற்றில் தண்ணீரே இல்லையே என்று ஒருவர் எழுந்தார். “தண்ணி வரும் போவும். கரை அங்கியேதான் கீது,” என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். நடுவில் ஒரு பணக்காரக் கல்லூரி நீச்சல் குளத்தைக் கட்டி வைத்துக்கொண்டு, குளம் என்றால் கரை உண்டுதானே என்று வந்தது. தலைவர் குளத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். “இதுக்கு விளிம்புதான் கீது. கரை இல்ல,” என்று சொல்லிவிட்டு, அவர்கள் கொடுத்த இளநீரையும் குடிக்காமல் திரும்பிவிட்டார். ஒரு கல்லூரி திடீரெனப் பல்கலைக்கழகமாக உயர்ந்து எங்களை விட்டுப் போனது. அதன் பிறகு அந்த பி.டி. எங்களை வழியில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பார். இன்னொன்று கிரிக்கெட் மட்டும்தான் ஆடுவோம் என்று கோபித்துக்கொண்டு விலகி, கபடியில் நல்ல பையன்கள் சேர்ந்ததும் கோபம் தீர்ந்து திரும்பி வந்தது.

இத்தனை போக்குவரத்துக்கும் நடுவே மாறாமல் இருந்தது ஆரோக்கியசாமி சார் ஒருவர்தான். கட்டையான உருவம். கழுத்தில் எப்போதும் விசில். கூட்டத்தில் யாராவது பேச்சை நீட்டினால் சின்னதாக ஒரு விசில் வரும், அது எச்சரிக்கை. நீளமாக வந்தால் உட்கார்ந்துவிட வேண்டும். கல்லூரி முதல்வர்களையே அப்படி உட்கார வைத்திருக்கிறார். எதைக் கேட்டாலும் அவர் முதல் பதில், “விதி எத்தினி?” என்பதுதான். ஒருமுறை நான், “டீ சொல்லட்டுமா சார்?” என்று கேட்டதற்கும் அதையே சொன்னார். டீக்கு விதி இல்லை என்றேன். கொஞ்சம் யோசித்து, “அப்போ சொல்லு,” என்றார்.

அவருக்குத் தமிழில் பிழை கண்டால் ஆகாது. செயலாளர் எழுதும் ஒவ்வொரு கடிதமும் முதலில் அவரிடம் போக வேண்டும். சிவப்பு மையில் திருத்துவார். ஒற்று மிகுந்தால் வட்டம், குறைந்தால் அம்புக்குறி. நான் நீல மையில் எழுதிக் கொடுப்பது, திரும்ப வரும்போது அம்மை கண்ட மாதிரி இருக்கும். திருத்தியதை அவரே போகிற வழியில் செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஜெயந்தி அக்காவின் டைப்பிங் கடையில் கொடுப்பார். அக்கா அடித்து எனக்கு அனுப்புவார், நான் கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்ப்பேன். என் வரைவு மட்டும் தலைவரின் ஃபைலுக்குத் திரும்பிவிடும். இந்த வரிசையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளாமல் விட்டதுதான் இத்தனைக்கும் காரணம்.

செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, திருக்கழுக்குன்றம் சாலையில் அப்போது ஒரு புதுக் கல்லூரி வந்திருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, செம்மண் மைதானம். படித்தவர்களில் பாதிப் பேர் அவர்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் வேலை செய்தவர்கள், அல்லது உப்பளத்துக்கும் கல் பட்டறைக்கும் போனவர்கள். அங்கே பி.டி.யாக இருந்த எஸ்தர் மேடமும் அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்து, கபடி ஆடி, அந்தச் சான்றிதழால் வேலைக்கு வந்தவர். அவர் எங்கள் சங்கத்தில் சேர விண்ணப்பம் போட்டார்.

தலைவரும் நானும் பார்வையிடப் போனோம். தலைவர் வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஒண்ணு, ரெண்டு,” என்று சத்தமாக எண்ணியபடி நான்கு திசையிலும் ஆயிரம் தப்படி நடந்தார். அன்றைக்கு நல்ல வெயில். வடக்கே முந்திரித் தோப்பு, தெற்கே செங்கல் சூளை, கிழக்கே ஒரு பெட்ரோல் பங்க். மேற்கே போனபோது ஒரு கிணறு வந்தது.

“சார், இது ஆவாதா?” என்றார் எஸ்தர் மேடம்.

“கிணத்துக்குச் சுவருதாம்மா. கரை இல்ல.”

“எங்க கரஸ்பாண்டென்ட் கட்டிகினு வர்ற வேட்டில நாலு விரல் கட்டைக்குக் கரை கீது. அதையாவது எடுத்துக்குங்க சார்.”

நான் சிரித்துவிட்டேன். தலைவர் சிரிக்கவில்லை. எண்ணியதைத் தாளில் குறித்துக்கொண்டார்.

அடுத்து நடந்த கூட்டத்தில் ஒருவர், “அந்தப் பசங்க வந்தா ஒரே பேஜாரு சார். நம்ம க்ரவுண்டு தாங்காது,” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன், மறைக்க விரும்பவில்லை. தலைவர் ஊதிய விசில் அன்றைக்கு வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. அவர் முகம் சிவந்திருந்தது. ஆனாலும் விதி விதிதான். கரை இல்லை, விண்ணப்பம் தள்ளுபடி. விதியைத் திருத்த வேண்டுமானால் குறைந்தது ஆறு உறுப்புக் கல்லூரிகள் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அறையில் அதற்கான மனசு இல்லை.

கடிதத்தை நான் எழுதினேன். ‘தங்கள் கல்லூரிக்குக் கரை இல்லாத காரணத்தால் தங்கள் விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை.’ ஒரே வரி. தலைவரிடம் போனது, அக்காவிடம் போனது, அடித்த கடிதம் என்னிடம் வந்து சேர்ந்தது. அது வந்த நேரம் எங்கள் கல்லூரி விளையாட்டு விழாவில் நானூறு மீட்டர் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. இடது கையில் ஸ்டாப் வாட்ச், வலது கையில் பேனா. பியூன் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பத்து நாளில் மண்டலம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. ஏனென்று புரியாமல் நானும் பதிலுக்குச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் ஒருவர் அந்தக் கடிதத்தின் நகலைக் காட்டினார். ‘தங்கள் கல்லூரிக்குக் கறை இல்லாத காரணத்தால்’ என்று இருந்தது. பெரிய ற. அதன் கீழே என் அழகான கையெழுத்து. எஸ்தர் மேடம் அதைப் பெரிதாக நகலெடுத்து அவர்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஒட்டி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் ‘களங்கமற்ற கல்லூரி என்று கரையோரச் சங்கமே ஒப்புக்கொண்டது’ என்று எழுதி வைத்திருந்தாராம். அன்றிலிருந்து நான் பி.டி. சார் இல்லை, கறை சார்.

நேராக ஜெயந்தி அக்கா கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் நான்கு பேர் நிற்க, கத்தினேன். அக்கா எழுந்திருக்கவில்லை.

“இன்னா இருந்துச்சோ அதத்தான் அடிச்சேன் சார்.”

“நான் ர, ற தெரியாதவனா? கண்ணைத் திறந்துகினு அடிக்கணும்.”

“உன் கடுதாசிய இனிமே வேற எங்கியாவது குடுத்து அடிச்சுக்க சார்,” என்றார் அக்கா, அமைதியாக. சொன்னபடியே செய்தார். அதன் பிறகு என் பெயர் வருகிற எதையும் அந்தக் கடையில் அடித்ததில்லை. தலைவரிடம் போய்ப் புலம்பினேன். அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, “அனுப்புன கடுதாசி அனுப்புனதுதான். நகலைப் பதிவேட்டுல ஒட்டு,” என்றார். பிழை கண்டால் பொறுக்காத மனிதர் இப்படிச் சொல்கிறாரே என்று அப்போது நான் யோசித்திருக்க வேண்டும். கோபத்தில் இருந்தவனுக்கு அது தோன்றவில்லை.

ஒரு வருடம் போனது. சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் ஒவ்வொரு கல்லூரியின் பெயரையும் கூப்பிடுவார், அந்த பி.டி. எழுந்து, “உள்ளேன் ஐயா,” என்பார். பதில் வராவிட்டால் தலைவரே வாசலுக்குப் போய், தெருவைப் பார்த்து மூன்று முறை கூப்பிடுவார். மூன்றாவது முறைக்கும் ஆள் வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவார். அந்த வருடம் சதுரங்கப்பட்டினத்துப் பெயருக்குப் பதில் வரவில்லை. தலைவர் வாசலுக்குப் போய் மூன்று முறை கூப்பிட்டார். தெருவில் போன ஒரு ஷேர் ஆட்டோக்காரர், சவாரி என்று நினைத்து நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார். மாணவர் சேராமல் அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. தலைவர் பெயரை அடித்தார். ஐந்து.

ஐந்து பேர் சேர்ந்து விதியைத் திருத்தவும் முடியாது, ஆறு கையெழுத்து வேண்டும். ஆறாவது ஆள் வர வேண்டுமானால் விதியைத் திருத்த வேண்டும். கரையுள்ள வேறு கல்லூரி எதுவும் கண்ணுக்கு எட்டியவரை இல்லை. பட்டியலைத் திங்கட்கிழமை மாலைக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுக்க வேண்டும். கூட்டம் நடந்தது வெள்ளிக்கிழமை. போன வருடம் சிரித்தவர்களில் ஒருவர், “அந்த எஸ்தர் மேடத்தைக் கேட்டுப் பாருங்களேன்,” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

சனிக்கிழமை காலை சங்கப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். எஸ்தர் மேடம் மைதானத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

“இன்னா சார், எங்க காலேஜுக்கு இப்ப கறை வந்துகிச்சா?”

“அது டைப்பிங் மிஸ்டேக் மேடம்.”

“கரை வந்துகிச்சா, அதச் சொல்லுங்க. நேத்து ராத்திரி கடலு ஏதாவது இந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சா?”

அவர் மைதானத்தின் அந்தக் கோடியைக் காட்டினார். ஒரு பெண் சுழன்று எதையோ எறிந்துகொண்டிருந்தாள்.

“அவ பேரு கன்னியம்மா. கடைசி வருஷம். அவுங்க அப்பா மாமல்லபுரத்துல கல் பட்டறையில பாலிஷ் போடுறாரு. வட்டு வாங்க எங்ககிட்ட வசதி இல்லன்னு, அவரே கருங்கல்லுல ஒண்ணு கடைஞ்சு குடுத்துகிறாரு. மூணு வருஷமா அதத்தான் எறியறா. போன வருஷமே போயிருக்க வேண்டியவ சார். இந்த வருஷமும் போவலன்னா, அந்தக் கல்லை அவ வூட்டுல துவைக்கத்தான் போட்டுக்கணும்.”

வட்டு வந்து விழுந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். பெண்கள் எறியும் வட்டு ஒரு கிலோ. இது அதைவிடக் கால் கிலோவாவது கூட இருக்கும். என் தப்படியில் தூரத்தை எண்ணினேன். எண்ணி முடித்தபோது போன வருடக் கூட்டத்தில் நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. எங்கள் மண்டலத்தில் அந்தத் தூரத்தைச் சரியான வட்டால்கூட எறிந்தவர் யாரும் இல்லை.

எஸ்தர் மேடத்திடம் மன்னிப்புக் கேட்டேன். “மன்னிப்பு வாணாம் சார், இடம் குடுங்க,” என்றார். அங்கிருந்தே தலைவருக்குப் போன் செய்தேன். வழக்கம்போல, “விதி எத்தினி?” என்பார் என்று எதிர்பார்த்தேன். “பதிவேட்டை வச்சுகினு அங்கியே நில்லு. வர்றேன்,” என்றார்.

மத்தியானம் வந்து இறங்கினார். இந்த முறை தப்படி எண்ணவில்லை. என்னிடமிருந்து பதிவேட்டை வாங்கி, போன வருடம் ஒட்டியிருந்த கடிதத்தைத் திறந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

“‘தங்கள் கல்லூரிக்குக் கறை இல்லாத காரணத்தால்.’ செயலாளர் கையெழுத்து இது உன்னுதுதானே?”

“என்னுதுதான் சார். ஆனா அது...”

சின்ன விசில். நான் நிறுத்தினேன்.

“சங்கம் எழுத்து மூலமா கேட்டது கறை. அது இல்லன்னுதான் தள்ளுபடி. கறை இருந்தா, சொன்ன காரணம் போச்சு. விண்ணப்பம் அப்படியே உயிரோட கீது.” எஸ்தர் மேடத்தைப் பார்த்தார். “ஏம்மா, உங்க காலேஜுல கறை இருக்குதா?”

எஸ்தர் மேடம் ஒரு நிமிடம் அவரையே பார்த்தார். பிறகு திரும்பி, “கன்னியம்மா, இங்க வா,” என்று கூப்பிட்டார்.

அந்தப் பெண் கல்லைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றாள். போட்டிருந்தது கல்லூரி கொடுத்த வெள்ளை டி-ஷர்ட். எறிவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் கல்லில் ஒட்டிய செம்மண்ணை இடது இடுப்புப் பக்கம் துடைப்பாள் போலிருக்கிறது. அங்கே உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று இருந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். பார்வையிடுவது என்றால் அவருக்கு எப்போதும் பார்வையிடுவதுதான். பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, எஸ்தர் மேடத்திடம் கொடுத்து, ஈரப்படுத்தித் துடைக்கச் சொன்னார். மேடம் துடைத்தார். கைக்குட்டையில் லேசாகச் சிவப்பு ஏறியது. துணியில் இருந்தது அப்படியே இருந்தது.

“துவைச்சியாம்மா?”

“தெனமும் துவைக்கிறேன் சார்.”

“இன்னா சோப்பு?”

“மூணு சோப்பு மாத்திட்டேன் சார். சோடா மாவுல ஊறக்கூட வச்சேன். போவல.” அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. சட்டை அழுக்காக இருக்கிறது என்று திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். “வேற டி-ஷர்ட் இல்ல சார்.”

“அழுவாத. போயிருந்தாத்தான் கஷ்டம்.” தலைவர் நிமிர்ந்தார். “போனா அழுக்கு. போவலன்னா கறை. எழுதிக்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ‘கல்லூரி நேரில் பார்வையிடப்பட்டது. கறை உள்ளது. துவைத்தும் போகவில்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டது.’ சிவப்புப் பேனாவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அங்கேயே கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை முதல் ஆளாக நான் பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆறு கல்லூரி. ஆறாவது வந்ததும், விதியைத் திருத்தவும் வழி பிறந்தது. அடுத்த கூட்டத்திலேயே ‘அல்லது கறை’ என்ற இரண்டு சொல் நான்காவது விதியில் ஏறியது. ஒருவர்கூட மறுக்கவில்லை. எஸ்தர் மேடம் எழுந்து நின்று முதன்முறையாக, “உள்ளேன் ஐயா,” என்று சொன்ன சத்தத்தில் பக்கத்து வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மண்டலப் போட்டியில் கன்னியம்மா கையில் முதன்முதலாக ஒரு கிலோ வட்டைக் கொடுத்தபோது, அவள் அதை மேலும் கீழும் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுல உள்ள ஏதாவது கீதா சார், காலியா?” என்று கேட்டாள். முதல் எறியில் அது வட்டெறியும் எல்லையைத் தாண்டி நீளம் தாண்டும் மணல் குழியில் போய் விழுந்தது. பல்கலைக்கழகப் போட்டியில் இரண்டாம் இடம். இப்போது போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். போன வருடம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தைக்குப் பக்கத்தில் என் ஸ்கூட்டரை நிறுத்தி, “கறை சார், ஹெல்மெட் எங்க?” என்றாள். உரிமையோடு சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே அபராத ரசீதை அடித்துக் கையில் கொடுத்தாள். ஆரோக்கியசாமி சார் கேட்டால் பெருமைப்படுவார்.

இவ்வளவுதான் எழுதித் தருவதாக இருந்தேன். ஆனால் பழைய பதிவேட்டை ஒருமுறை சரிபார்த்துவிடலாம் என்று போன வாரம் செங்கல்பட்டில் ஆரோக்கியசாமி சார் வீட்டுக்குப் போனேன். தலைவருக்கு இப்போது எண்பதுக்கு மேல். விசில் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. ஃபைல்கள் எல்லாம் வருட வரிசையில் கட்டி வைத்திருந்தார். அந்த வருடத்துக் கட்டைப் பிரித்தேன். என் வரைவு இருந்தது.

நீல மையில் நான் எழுதியிருந்தது ‘கரை’. சின்ன ர. சந்தேகமே இல்லை. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில், மணி மணியான அவர் எழுத்தில், பெரிய ற.

தாளை அவர் முன்னால் நீட்டினேன்.

“சார், இது நீங்க திருத்துனதா?”

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தார். ஆச்சரியப்பட்ட மாதிரியே தெரியவில்லை. “விதி ஒம்போது இன்னா?” என்றார்.

“செயலாளர் எழுதும் கடிதத்தைத் தலைவர் திருத்தலாம்.”

“அப்புறம்?”

“திருத்தியதைச் செயலாளர் முழுதும் படித்த பின்பே கையெழுத்திட வேண்டும்.”

“படிச்சியா?”

“இல்ல சார்.”

“படிச்சிருந்தா திரும்பவும் சின்ன ர போட்டிருப்ப. அந்தப் பொண்ணுங்களுக்குக் கதவு மூடியிருக்கும்.” தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். “விதிய மீற எனக்கு வராதுய்யா. ஆனா அன்னிக்கு நீங்கள்லாம் சிரிச்சது எனக்குத் தாங்கல. நீ படிக்கமாட்டன்னு நம்பித்தான் போட்டேன்.”

முப்பது வருட வேலையில் என் கடமை உணர்ச்சியை நம்பியவர்கள் சிலர் உண்டு. என் அலட்சியத்தை நம்பியவர் அவர் ஒருவர்தான். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு இன்னொருவர் ஞாபகம் வந்தது, எழுந்தேன்.

ஜெயந்தி அக்காவின் கடை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. இப்போது ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. என்னைப் பார்த்ததும் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். வரைவை எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா நீல எழுத்தைப் பார்த்தார், சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

“இன்னா இருந்துச்சோ அதத்தான் அடிச்சேன்னு அன்னிக்கே சொன்னேனா, இல்லியா?”

“சொன்னீங்க அக்கா. தப்பு என்னுது. நாலு பேரு முன்னாடி கத்துனேன்.”

“அப்போ நாலு பேரு முன்னாடியே எழுதிக் குடு.”

கடையில் அப்போதும் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான் சொல்லச் சொல்ல அக்காவே அடித்தார். ‘இத்தனை வருடம் பழியைத் தங்கள் மேல் சுமத்தியதற்கு மன்னிக்க வேண்டுகிறேன்’ என்று முடித்தேன். தாளை அச்செடுத்து, பேனாவையும் சேர்த்து என் முன்னால் வைத்தார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன், பிறகு கீழே வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் எழுத்திலிருந்து படித்தேன்.

மூன்றாவது வரியில், என் பெயருக்குக் கீழே, ‘ஓய்வு பெற்ற கறை சார்’ என்று இருந்தது. நான் சொல்லாத சொல். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்துப் பிழை எதுவும் இல்லை, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.